மலடு மாட்டிலா, கொட்டகையிலா?

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. திருக்குறளில் அச்சொல் அப்பொருளில் ஆளப்பட்டிருப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். ஆயினும் இச்செல்வம் பெட்டியில் வைத்துப் பூட்டும் பொன்னைப் போன்றதன்று. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். சுரந்த பாலும் சில மாதங்களில் வற்றிவிடும். மறுபடியும் ஈன்றால்தான் மறுபடியும் பால். ஆகவே கறவை மாடு வைத்திருப்போரின் வரவும் செலவும், பசு உரிய காலத்தில் சினைப்படுகிறதா என்னும் ஒரே கேள்வியில் அடங்கியிருக்கின்றன.

சினைப்படாத பசுவுக்கு வழங்கும் பெயர் மலடு. காளைக்கு விட்டும் சினை நிற்கவில்லை, ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால் பழி பசுவின்மேல் விழுகிறது. ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு அதனை இறைச்சிக்கு விற்றுவிடுகின்றனர். பெயர் சூட்டி, பொங்கலன்று பொட்டிட்டு வளர்த்த பசுவை அவ்வாறு அனுப்புவது மனத்துக்கும் வேதனை, கைப்பொருளுக்கும் இழப்பு. ஆனால் பிறவியிலேயே உறுப்புக் குறையுள்ள பசுக்கள் மிகச் சிலவே. காளைக்கன்றுடன் இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடாகவே இருக்கும் என்பது அத்தகைய விதிவிலக்குகளுள் ஒன்று. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை மலடாகப் பிறந்தவையல்ல. தீனி, இருப்பிடம், கவனிப்பு, நாட்கணக்கு ஆகியவற்றில் நேர்ந்த குறைகளால் மலடுபோல் ஆனவை. குறையை மாட்டில் தேடுவதற்கு முன்பு கொட்டகையில் தேட வேண்டும் என்பதே கால்நடை அறிவியல் கூறும் முதற்பாடம்.

தோட்டத்து மாடும் கலப்பின மாடும்

மலேசியாவில் பால் தொழில் தமிழர் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மாடு கட்டி வளர்த்தனர். இந்தியாவிலிருந்து வந்த பல இன மாடுகள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து உருவான இம்மாடுகளை 'உள்நாட்டு இந்தியக் கறவை மாடு' என்னும் பெயரால் கால்நடைத் துறையினர் குறித்தனர். திமிலும் தளர்ந்த தோலும் உடைய இம்மாடு வெயிலைத் தாங்கும்; உண்ணியை ஓரளவு எதிர்க்கும்; கிடைத்ததைத் தின்று உயிர் வாழும். பால் மட்டும் குறைவு.

அரசாங்கம் 1970-களில் பால் சேகரிப்பு நிலையங்களை அமைத்துச் சிறு வளர்ப்பாளரை ஊக்குவித்தபோது, பாலின் அளவைப் பெருக்கும் முயற்சியும் கூடவே நடந்தது. நெதர்லாந்தில் தோன்றிய பிரீசியன் இனத்தையும், பஞ்சாபின் சாகிவால் இனத்தையும் கலந்து பிறந்த மாடுகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் தருவிக்கப்பட்டன. ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் உள்ள அரசாங்கக் கால்நடை நிலையத்தில் இக்கலப்பிலிருந்து 'மாஃப்ரிவால்' என்னும் இனம் உருவாக்கப்பட்டது.

பழைய மாடு குறைந்த பால் தந்து, கவனக் குறைவைப் பொறுத்துக்கொண்டது. கலப்பின மாடு மிகுந்த பால் தருகிறது. ஆனால் கவனக் குறைவைப் பொறுப்பதில்லை. தாத்தா வளர்த்த முறையிலேயே பேரனும் வளர்க்கும்போது, 'அந்தக் காலத்து மாடு ஆண்டுதோறும் ஈன்றது, இந்த மாடு ஏன் நிற்பதில்லை?' என்னும் வினா எழுகிறது. மாடு மாறிவிட்டது, வளர்ப்பு முறை மாறவில்லை என்பதே அதற்கு விடை.

எண்பத்தைந்து நாட்கணக்கு

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். திமிலுள்ள இனங்களில் சில நாள் கூடுதலாகும். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால் 365-லிருந்து 280-ஐக் கழிக்க வேண்டும். எஞ்சுவது 85 நாள். அதாவது, ஈன்ற 85 நாட்களுக்குள் பசு மறுபடியும் சினைப்பட்டாக வேண்டும்.

இந்த 85 நாளும் முழுமையாகக் கைக்குக் கிடைப்பதில்லை. கன்றைச் சுமந்து விரிந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஐந்து அல்லது ஆறு வாரம் ஆகும். அதன்பின்னும் சிறிது ஓய்வு கொடுத்து, 50 அல்லது 60-ஆம் நாளுக்குமேல் சினைக்கு விடுவதே முறை. பசு 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். எனவே 60-ஆம் நாளுக்கும் 85-ஆம் நாளுக்கும் இடையே வளர்ப்பாளருக்குக் கிடைப்பது ஒரு பருவம். நற்பேறு இருந்தால் இரண்டு. அதனைத் தவறவிட்டால் 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டாவதையும் தவறவிட்டால் 42 நாள்.

சிறு இழப்பாகத் தோன்றும் இது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். 12 மாதத்துக்கு ஒருமுறை ஈனும் பசு 6 ஆண்டில் 6 கன்று ஈனும். 18 மாதத்துக்கு ஒருமுறை ஈனும் பசு அதே காலத்தில் 4 கன்றே ஈனும். இரண்டு கன்றும் இரண்டு ஈற்றுப் பாலும் போயின. பால் வற்றிய மாதங்களில் தின்ற தீனிச் செலவும் போயிற்று. கலப்பின மாடுகளுக்கு வெப்பநாட்டில் 13 அல்லது 14 மாத இடைவெளி அமைந்தாலும் நன்றே. 18 மாதத்தைத் தாண்டினால் வளர்ப்பு முறையில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

பருவம் அறிதல்

பசு பருவத்துக்கு வருவதைக் கண்டறியாமை முதல் ஓட்டை. பருவம் வந்த பசு அமைதியின்றிக் கத்தும், தீனியைக் குறைக்கும், பால் சற்றுக் குறையும், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகும், மற்ற மாட்டின்மேல் தாவும். எல்லாவற்றினும் உறுதியான அடையாளம், மற்றொரு மாடு தன்மேல் தாவும்போது விலகாமல் நிற்பதே.

குளிர்நாட்டு இனங்களில் இந்நிலை ஏறத்தாழ 18 மணி நேரம் வரை நீடிக்கலாம். வெப்பநாட்டில், அதிலும் திமிலுள்ள இனங்களின் இரத்தம் கலந்த மாடுகளில், இது 12 மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடுவதுண்டு. பல மாடுகள் குளிர்ந்த இரவு வேளையில்தான் அடையாளம் காட்டும். கொட்டகையில் மூக்கணாங்கயிற்றோடு இரவும் பகலும் கட்டிக் கிடக்கும் மாடு எந்த மாட்டின்மேல் தாவும்? வழுக்கும் சிமெண்டுத் தரையில் விழ அஞ்சும் மாடு எவ்வாறு தாவும்? மேருவிலோ காப்பாரிலோ இரண்டு மூன்று மாடு மட்டும் கட்டி வைத்து, விடியற்காலையில் கறந்துவிட்டு வேலைக்குச் செல்லும் ஒருவர், தம் பசு பருவத்துக்கே வரவில்லை என்று உண்மையாகவே நம்பலாம். பசு வந்திருக்கும், கண்டவர் இல்லை.

இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பின்னும் அரை அரை மணி நேரம், வழுக்காத மண்தரையில் மாடுகளை அவிழ்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கறக்கும்போது ஓரக்கண்ணால் பார்ப்பது போதாது. இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை கொட்டகையைச் சுற்றி வருவதும் பயன் தரும்.

கண்டறிந்த பின் எப்போது சினைப்படுத்துவது? பருவம் தொடங்கி ஏறத்தாழ ஒரு நாள் கழிந்த பின்னரே கருமுட்டை வெளிப்படுகிறது. வெளிப்பட்ட முட்டை சில மணி நேரமே வீரியத்துடன் இருக்கும். ஆகவே காலையில் அடையாளம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்த வேண்டும் என்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் விதி. இரத்தம் கலந்த ஒழுக்கைக் கண்டு அப்போதுதான் மருத்துவரை அழைப்போர் உளர். அந்த இரத்தம் பருவம் முடிந்து ஏறத்தாழ இரண்டு நாளில் வருவது. இரயில் போன பின் நிலையத்துக்கு ஓடுவதை அது ஒக்கும். எனினும் அதுவும் பயனற்றதன்று. அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டால், அடுத்த பருவம் ஏறத்தாழ 19 நாளில் வரும் என முன்கூட்டியே அறியலாம்.

புனிற்றுக் காலமும் தீனியும்

பழந்தமிழில் புனிறு என்றொரு சொல் உண்டு. ஈன்ற அண்மைக் காலத்தை அது குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. அண்மையில் ஈன்ற பசுவைப் புனிற்றா என்பர். அந்நாட்களுக்கென்றே தனிச்சொல் படைத்த முன்னோர், அவை ஏனைய நாட்களைப் போன்றவையல்ல என்பதைக் கண்டிருந்தனர். இன்றைய அறிவியலும் அதனையே வேறு மொழியில் சொல்கிறது.

ஈன்ற பசுவின் பால் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சத்தை எட்டிவிடும். ஆனால் தீனி எடுக்கும் ஆற்றல் அதற்குச் சில வாரம் பின்தங்கியே உச்சத்தை அடையும். இடையில் வரவைவிடச் செலவு மிகுதி. பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகிறது. இந்தப் பற்றாக்குறை அளவுக்கு மீறினால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி கருமுட்டையை முதிரச் செய்யும் இயக்குநீரை உரிய முறையில் விடுவதில்லை. முட்டை முதிர்வதில்லை, பருவமும் வருவதில்லை. பிறந்த கன்றை முதலில் காப்பாற்று, அடுத்த கன்றைப் பின்னர்ப் பார்க்கலாம் என்று உடல் முடிவு செய்துவிடுகிறது. இதனை நோய் என்பதைவிடத் தற்காப்பு என்பதே பொருந்தும்.

இப்பற்றாக்குறையைக் கண்ணாலேயே அளக்கலாம். மாட்டின் உடல்நிலைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பர். எலும்பெல்லாம் துருத்தி நிற்பது 1. கொழுத்து உருண்டிருப்பது 5. ஈனும்போது 3 அல்லது 3.5 இருப்பது நன்று. ஈன்ற பின் ஒரு மதிப்பெண் அளவுக்கு இளைத்துவிட்டால் சினைப்பிடிப்பது தள்ளிப்போகும். ஈனுமுன்பே அளவுக்கு மீறிக் கொழுத்த பசுவும் தொல்லைக்குரியதே. ஈற்றுச் சிக்கலும் நஞ்சுக்கொடி தங்குதலும் அதற்கு மிகுதி. ஆகவே ஈன்ற பின் அள்ளிக் கொட்டுவதைக் காட்டிலும், கறவையை நிறுத்தி ஓய்வு கொடுக்கும் கடைசி இரண்டு மாதங்களிலேயே உடலைச் செம்மைப்படுத்தி வைக்க வேண்டும்.

கிள்ளான் வட்டாரத்தில் தீனிக்குப் பஞ்சம் இல்லை. தீனியின் பொருத்தத்தில்தான் குறை. எப்போதும் மழையும் வெயிலும் உள்ள நிலத்தில் புல் விரைந்து வளர்ந்து விரைந்து முற்றும். ஆள் உயரத்துக்கு வளர்ந்த நேப்பியர்ப் புல் வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. செம்பனைப் பருப்பில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கு மலிவானது. நூற்றுக்கு 14 முதல் 18 பங்கு புரதம் உடையது. ஆனால் அதில் சுண்ணாம்புச்சத்தைவிடப் பாஸ்பரசு மிகுதி. பசுவுக்கு வேண்டுவதோ அதற்கு நேர்மாறான விகிதம். சுண்ணாம்புத் தூளும் தாது உப்பும் சேர்க்காமல் அப்புண்ணாக்கையே நம்பியிருந்தால் உடலில் கணக்குத் தடுமாறும். அதில் செம்புச்சத்தும் மிகுதி. மாடு அதனை ஓரளவு தாங்கும். அதே கொட்டகையிலுள்ள செம்மறியாட்டுக்கு அது நஞ்சாகும்.

கன்றைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். கன்றை ஊட்டவிட்டுக் கறப்பது தமிழர் மரபு. நாள் முழுவதும் கன்று தாயுடன் இருந்து முட்டி முட்டிக் குடித்தால், திமிலுள்ள இன மாடுகளில் பருவம் திரும்புவது தாமதமாகிறது. கறக்கும் வேளையில் மட்டும் விட்டு, மற்ற நேரத்தில் பிரித்துக் கட்டி, கன்றின் பங்குப் பாலைக் குறைக்காமல் கொடுத்தால் இருவருக்கும் நலம்.

வெப்பம் என்னும் மறைந்த பகை

வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவை உண்டு. அது 72-ஐத் தாண்டினால் மிகுந்த பால் தரும் குளிர்நாட்டு மாடு துன்புறத் தொடங்கும் என்பது நெடுநாள் வழங்கிவரும் எல்லை. கோலாலம்பூர், கிள்ளான் பகுதியில் நண்பகலில் 32 பாகை செல்சியஸ் வெப்பமும் நூற்றுக்கு 70 ஈரப்பதமும் இருந்தால், அவ்வளவை ஏறத்தாழ 84 ஆகிறது. இரவில் வெப்பம் 24-க்கு இறங்கினாலும் ஈரப்பதம் 95-க்கு ஏறுவதால் அளவை 75-க்கு அருகிலேயே நிற்கும். மனிதருக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் பின்னிரவும் பிரீசியன் மாட்டுக்கு முழு ஓய்வன்று. சாகிவால் இரத்தம் கலந்தது இதனால்தான் நன்மையாயிற்று.

வெப்பத்தால் வாடும் பசு குறைவாகத் தின்கிறது. பருவ அடையாளத்தைக் குறைவாகக் காட்டுகிறது. சினைப்பட்டாலும், முதற்சில நாட்களில் இளங்கரு தாயின் உடல்வெப்பத்தைத் தாங்காமல் அழிகிறது. வளர்ப்பாளர் கண்ணுக்கு அது 'சினை நிற்கவில்லை' என்று மட்டுமே தெரியும். காளைக்கும் இத்துன்பம் உண்டு. விந்து உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆவதால், ஒரு காய்ச்சலின் விளைவு பல வாரம் தொடரும்.

தாழ்வான தகரக் கூரை இந்நாட்டில் மாட்டுக்கு அடுப்பு. கூரையை உயர்த்துவதும், பக்கங்களைத் திறந்து விடுவதும், நிழல்மரம் வளர்ப்பதும், எந்நேரமும் குடிநீர் வைப்பதும் முதற்பணிகள். ஈரம் மிகுந்த காற்றில் நீர்த்துளியை மட்டும் தெளித்தால் புழுக்கமே கூடும். தோல் நனையும்படி நீர் ஊற்றி, பின் விசிறியால் காற்று வீசச் செய்தால்தான் உடல் குளிரும். தீனியின் பெரும்பகுதியை அந்திக்கு மேலும் விடியலுக்கு முன்னும் வைப்பது பயன் தரும்.

நஞ்சுக்கொடியும் நோயும்

ஈன்ற பசு 12 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடியைத் தள்ளிவிடுவது இயல்பு. ஒரு நாள் கடந்தும் விழாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். பொறுமையிழந்து கையால் இழுப்பதும், தொங்கும் கொடியில் கனமான பொருளைக் கட்டி விடுவதும் கருப்பையைக் கிழித்துச் சீழ்பிடிக்கச் செய்யும். அழுக்கடைந்த கையும், சாணம் நனைந்த தரையும் அதே தீமையைச் செய்யும். அவ்வாறு கெட்ட கருப்பை அடுத்த பல மாதங்களுக்குக் கருவை ஏற்காது. ஈற்றுக்கென உலர்ந்த, தூய்மையான ஓர் இடம் ஒதுக்குவது ஆடம்பரமன்று.

நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் உண்டு. பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாயும் நரியும் இழுக்காமல் அது உயரத்தில் இருப்பது ஒரு நன்மையே. ஆனால் கன்று குறைமாதத்தில் விழுந்திருந்தால் அக்கொடியை வெறுங்கையால் தொடவே கூடாது. சினையின் பிற்பகுதியில் கன்று விழுவதற்குப் புரூசெல்லா என்னும் நுண்ணுயிரி காரணமாக இருக்கலாம். மால்டாத் தீவில் படைவீரரை வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டார். மாட்டின் கருச்சிதைவுக்குக் காரணமான அதன் உறவுக் கிருமியை டென்மார்க்கு அறிஞர் பாங் 1897-இல் கண்டார். விழுந்த கன்றிலும் கொடியிலும் ஒழுக்கிலும் அக்கிருமி நிறைந்திருக்கும். மற்ற மாடுகளுக்கும், அதனைக் கையாளும் மனிதருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்போருக்கும் பரவும். மனிதருக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் அது தரும். விழுந்ததைக் கையுறையோடு எடுத்து ஆழப் புதைத்து, கால்நடைத் துறைக்குச் செய்தி அனுப்பி, மந்தையின் இரத்தத்தைச் சோதிக்கச் செய்ய வேண்டும். பாலைக் காய்ச்சிக் குடிக்கும் தமிழர் வழக்கம் இங்கே பெருந்துணை.

காளையும் ஊசியும்

ஊருக்கு ஒரு காளை என்பது பழைய ஏற்பாடு. காளை நோயின் அடையாளம் எதுவும் காட்டாமலே, ஒரு பசுவிடமிருந்து பெற்ற கிருமியை அடுத்த பசுவுக்குக் கொண்டுசெல்லும். அத்தகைய நோய் பரவிய இடத்தில் கரு பிடித்துப் பிடித்து அழியும்; பசுக்கள் நாள் தவறிப் பருவத்துக்குத் திரும்பும். ஒரே காளையைப் பல ஆண்டு வைத்திருந்தால் அது தன் மகள்களையே சினைப்படுத்தும். வழிவரும் கன்றுகள் வலுவிழக்கும்.

இவற்றைத் தவிர்க்கப் பிறந்தது செயற்கைச் சினைமுறை. இந்தியாவில் அதனை 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் தொடங்கினார். 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர், கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைந்த பின்னும் உயிர்ப்புடன் இருக்கும் எனக் கண்டனர். அதன் பயனாக, சோதித்துத் தேர்ந்த காளையின் விந்து இன்று சுழியத்துக்குக் கீழ் 196 பாகையில் திரவ நைட்ரசனில் காக்கப்பட்டு எங்கும் செல்கிறது. ஆயினும் சிறிய உள்நாட்டுக் கிடாரிக்குப் பேருருவுடைய இனத்துக் காளையைத் தேர்ந்தால் ஈற்றில் கன்று சிக்கித் தாயும் சேயும் மடிய நேரும். கிடாரியை வயது பார்த்துச் சினைப்படுத்துவதைவிட, வளர்ந்த பசுவின் எடையில் நூற்றுக்கு 60 முதல் 65 பங்கை அடைந்ததா என்று பார்த்துச் சினைப்படுத்த வேண்டும்.

பருவத்தை வரவழைக்கும் இயக்குநீர் ஊசிகளும் உண்டு. நன்கு உண்ட பசுவுக்கு அவை உதவும். பட்டினியால் பருவம் நின்ற பசுவுக்கு ஊசி தீனியாகாது. மேலும், பருவம் வரச் செய்யும் புராஸ்டாகிளாண்டின் ஊசியைச் சினை இருப்பதறியாமல் போட்டால் கரு கலைந்துவிடும். சினை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்யாமல் அதனை நாடுவது பெரும்பிழை.

அளவுகடந்து பாலையே நோக்கியதன் விளைவை உலகமும் கண்டது. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பால் ஏற ஏற, பசுக்களின் சினைப்பிடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. 2003-இல் மகள்களின் சினைப்பிடிப்பையும் காளைத் தேர்வுக்கு ஓர் அளவுகோலாகச் சேர்த்தனர். வளர்ப்பு முறையையும் திருத்தினர். சரிவு நின்று ஏற்றம் தொடங்கியது. பசு மாறாத விதியைத் தலையில் எழுதிக்கொண்டு வரவில்லை என்பதற்கு இது சான்று.

ஒரு குறிப்பேடு

இத்தனைக்கும் அடிப்படை, பள்ளிப் பிள்ளை எழுதும் ஒரு குறிப்பேடு. மாட்டின் பெயர், ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், சினைப்படுத்திய நாள், சினை உறுதியான நாள் என ஐந்து வரிசை போதும். சினைப்படுத்திய 21-ஆம் நாள் அந்தப் பசுவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பருவம் திரும்பாவிட்டால் இரண்டு மாதத்தில் மருத்துவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஈன்று 60 நாளாகியும் பருவம் காணாத பசு, மூன்று முறை சினைப்படுத்தியும் நிற்காத பசு ஆகிய இரண்டையும் ஏட்டைப் புரட்டினால் உடனே காணலாம். நினைவில் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டு மாதம் ஒரு மாதமாகவே தோன்றும்.

ஏடு பேசத் தொடங்கியதும் குறை இருக்கும் இடமும் தெரியும். ஒரு மாடு மட்டும் நிற்கவில்லையானால் அம்மாட்டைச் சோதிக்கலாம். மூன்று மாடும் நிற்கவில்லையானால் சோதிக்க வேண்டியது தீனித்தொட்டியையும், கூரையையும், காளையையும், கவனிப்பையும்தான். அவற்றைத் திருத்திய பின்னும் சினைப்படாத பசு இருக்கலாம். அதனை மலடு என்பதில் தவறில்லை. அதற்கு முன்பே அப்பெயரைச் சூட்டி விற்பவர், பெரும்பாலும் நல்ல பசுவையே இழக்கின்றார். குறையோ அவருடைய கொட்டகையிலேயே தங்கி, அடுத்து வாங்கும் பசுவுக்காகக் காத்திருக்கிறது.